எட்டா, மூணா

டவுன்ஹால் ரோட்டில் போர்டு சொன்னது:
பிரேம் நானூற்றுத் தொண்ணூற்றொன்பது மட்டும்.
அந்த 'மட்டும்'தான் என்னைப் படியேற்றியது.

உள்ளே ஏசி. உட்காரச் சொல்லித் தண்ணீர் தந்தார்கள்.
லென்ஸ் ஆயிரத்து நூற்றைம்பது.
கூசாமலிருக்க ஒரு பூச்சு, நானூறு.
"பவர் ரெண்டைத் தாண்டிருச்சு மேடம்",
அதற்கு இருநூறு.
பிரேமுக்குள் லென்ஸை உட்கார வைக்க நூறு.
உட்காராத லென்ஸை வாங்கி
நான் என்ன செய்யப் போகிறேன் என்று கேட்டேன்.
சிரித்தார்.
சிரிப்புக்கு மட்டும் பில்லில் வரி இல்லை.

இரண்டாயிரத்து முந்நூற்று நாற்பத்தொன்பது
என்று அவர் கால்குலேட்டர் சொல்லுமுன் நான் சொன்னேன்.
பதினொரு வருஷமாக தெற்கு மாரட் வீதியில்
நட்டுக்கும் போல்ட்டுக்கும் பேரிங்குக்கும் பில் போடுகிறவள்.

சீட்டில் ஒரு எண்ணை மட்டும் எழுதாமல் விட்டிருந்தார்.
கருவிழிக்கும் கருவிழிக்கும் நடுவிலுள்ள தூரம்.
"அது எங்க மெஷின்ல எடுத்தது.
வெளிய கொண்டு போறதுன்னா நூறு ரூபா."

நாற்பத்து நாலு வருஷமாக
என் மூக்குத்தண்டின் மேல் கிடக்கிற இடம்.
பத்திரம் அவரிடம் இருக்கிறதாம்.

கோரிப்பாளையத்தில் பிரேம் இலவசம்,
லென்ஸ் இரண்டாயிரத்து அறுநூறு.
"இலவசம் வேணாம், கழிச்சுக்குங்க."
"வேணாம்னாலும் அதே விலைதாங்க."

மறுநாள் குடோனில் காஜா மைதீன்
விற்பனைக்கு இருந்த வெர்னியரைப் பிரித்தான்.
"என் மூக்கையே பாருங்கக்கா, சிமிட்டாதீங்க."
எஃகுக் கொம்பு இமையோரம் குளிர்ந்தது.
கிரீஸ் வாசனையோடு அவன் மூச்சு.
இவ்வளவு கிட்டத்தில் யாரும் என் கண்ணைப் பார்த்து
எத்தனை காலம் ஆயிற்று என்று
கணக்குப் போடத் தொடங்கி, நிறுத்திக்கொண்டேன்.
"அறுபத்தொண்ணரை" என்றான்.
துடைத்து, அதே உறையில் போட்டு,
அலமாரியில் திருப்பி வைத்தான்.

மேலமாசி வீதிச் சந்தில்
ஜெராக்ஸ் கடைக்கும் வளையல் கடைக்கும் நடுவே
ஓராள் அகலத்தில் தனுஷ்கோடியின் கடை.
எல்லாம் சேர்த்து ஒரே தொகையாகத்
துண்டுச் சீட்டில் எழுதித் தந்தார்.
ஆயிரத்து முந்நூற்று எண்பது.
மூன்று சீட்டையும் மேசையில் பரப்பி
இரண்டு நாள் பார்த்தேன்.
ஜெயித்த மாதிரி இருந்தது.

ஆயிரத்து ஐந்நூறோடு போனேன்.
"இன்னும் முந்நூத்தி எண்பது வேணும்மா."
"நீங்க எழுதினதுதானே?"
சீட்டை வாங்கிப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.
"அது மூணு இல்லம்மா, எட்டு."
கையை நீட்டித் தள்ளிப் பிடித்தேன். மூணுதான்.
இன்னும் தள்ளிப் பிடித்தேன்.
கை அதற்கு மேல் நீளவில்லை.

இருந்ததை முன்பணமாகக் கொடுத்தேன்.
ஸ்கேலை வைத்து அவரும் அளந்தார்,
"அறுபத்தொண்ணரை" என்று முனகி
கேட்காமலே சீட்டில் எழுதினார்.

செவ்வாய்க்கிழமை காலை, புதுக்கண்ணாடி.
முதலில் தெரிந்தது கீபோர்டின் அழுக்கு.
அப்புறம், நான் தினமும் கிழித்துத் தருகிற பில்லின் அடியில்
எறும்பு ஊர்ந்த மாதிரி ஒரு வரி:
பேக்கிங், ஏற்றுக்கூலி தனி.

போன வைகாசியில் ஒருவர்,
உசிலம்பட்டிப் பக்கம், கிணற்று மோட்டாருக்கு பேரிங் வாங்கியவர்,
நாற்பது ரூபாய் ஏன் கூடுது என்று
பில்லைத் தூரத்தில் பிடித்தபடி நின்றார்.
"கீழே போட்டிருக்கு, பாருங்க" என்றேன்,
தலை நிமிராமல்.
நானும் அதுவரை படித்ததில்லை.

காஜா பெட்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தான்.
"ஏத்துக்கூலி உனக்கு வருதா காஜா?"

முடிச்சைப் பல்லால் இறுக்கி நிமிர்ந்தான்.

"எந்தக் கூலிக்கா?"